மனிதர் அல்லாதவை

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று தண்ணீர் வரவில்லை. நாளை வரும் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள்.

கம்பெனியை விற்றுவிட்டார்கள். முழுதாக இல்லை, பாதி. பம்ப் பிரிவு முதலாளி குடும்பத்திடமே இருக்கும். மோட்டார் பிரிவு புனேக்காரர்களுக்குப் போகிறது. பொது மேலாளர் தங்கவேலு சார் எல்லோரையும் கேன்டீனில் நிற்க வைத்துச் சொன்னார். எதைச் சொல்வதென்றாலும் ஊரில் மழை பெய்த கதையில் ஆரம்பித்துத்தான் விஷயத்துக்கு வருவார். இன்று நேராக வந்துவிட்டார். அதிலேயே பாதிப் பேருக்கு முகம் வெளிறியது.

பிறகு என்னைத் தனியாக அழைத்தார். "தமயந்தி, ஆளைப் பிரிக்கறத ஹெச்.ஆர். பாத்துக்குவாங்க. கம்ப்யூட்டரப் பிரிக்கறது நீங்கதான். நவம்பர் 28 வரைக்கும் டைம்."

அவர் சொன்னது பெட்டிகளை அல்ல, பெயர்களை. எங்கள் கம்பெனியில் யார் எந்தக் கணினியைத் திறந்தாலும், அவருடைய பெயரும் கடவுச்சொல்லும் சரிதானா என்று பார்த்துச் சொல்வது ஒரே ஒரு பேரேடு. டைரக்டரி என்போம். 2009-இல் நான் சேர்ந்த வருடம் அதை நான்தான் அமைத்தேன். யார் எந்தக் கதவைத் திறக்கலாம், யார் எதை அச்சடிக்கலாம், எந்தச் சோதனை மேசை யாருடைய சொல்லைக் கேட்கும், எல்லாம் அதற்குள். பதினாறு வருடமாக ஒன்றாகக் கிடப்பதை ஆறு வாரத்தில் இரண்டாக வெட்ட வேண்டும்.

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன்ன எந்தப் பக்கம் வெச்சிருக்காங்க?" என்றார். அதை நான் கேட்டிருக்கவே இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

மொத்தம் 1,163 வரிகள். மூன்று பட்டியல் போட்டிருக்கிறேன். முதலாவது பம்ப். இரண்டாவது மோட்டார். மூன்றாவதற்கு 'மனிதர் அல்லாதவை' என்று தலைப்பு. பிரிண்டர், கேமரா, கேன்டீன் டோக்கன் மிஷின், உலை, இவற்றுக்கும் பேரேட்டில் பெயர் உண்டு. வெட்டு முடிந்ததும் இந்த மூன்றாம் பட்டியலைப் புதுக் கம்பெனி அப்படியே அழித்துவிட்டுத் தன் வழக்கப்படி பெயர் வைத்துக்கொள்ளும்.

மதியம் வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். கண் எரிந்தது. பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: பெயர் எண்ணில் முடிந்தால் அது இயந்திரம். கேட்3, ஸ்டோர்ஸ்2, வைண்டிங்1, டெஸ்ட்பெட்4. அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நகர்ந்தது. மூன்றரை மணிக்குள் மூன்றாம் பட்டியல் முடிந்தது, எண்பத்தாறு வரிகள்.

தீபாவளிக்கு மகன் ஆதவன் சனிக்கிழமை ஹாஸ்டலில் இருந்து வருகிறான். கடலைமாவு வாங்க வேண்டும். வாஷிங் மெஷின் மறுபடி சுற்றாமல் நிற்கிறது.

அக்டோபர் 19, ஞாயிறு

முறுக்கு சிவந்துவிட்டது. ஆதவன் அதையே தின்றான்.

அக்டோபர் 27, திங்கள்

புனேக்காரர்கள் அமர்த்திய ஆலோசகர் வந்துவிட்டார். பெயர் பிரணவ். ஓசூர்க்காரர், பெங்களூரில் வேலை, முப்பத்திரண்டு வயது இருக்கும். சிரிக்காமல் பேசுகிறார். ஆனால் என் மூன்று பட்டியல்களையும் பார்த்துவிட்டு, "மேடம், விக்கிற கம்பெனில இருந்து இவ்வளவு சுத்தமா யாரும் கொடுத்து நான் பார்த்ததில்ல" என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பேரேட்டில் எனக்கிருக்கும் அதிகாரத்தை அவருக்கும் கொடுத்தேன். நவம்பர் 1 முதல் பேரேட்டுக்குப் பூட்டு. புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது, யாரையும் நீக்கவும் கூடாது. தினமும் காலை எட்டு மணிக்கு, முந்தைய நாள் என்ன மாறியது என்ற அறிக்கை தானாகவே பெங்களூருக்குப் போகும். 28-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு இருக்கிறபடி ஒரு பிரதி எடுப்பார்கள். அதுதான் புதுக் கம்பெனியின் பேரேடு.

கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "இங்க எங்களுக்கு ஒருத்தர் வேணும். டிசம்பர்ல இருந்து நீங்க எங்க பக்கம் வர்றீங்க. லெட்டர் வந்துரும்."

பம்ப் பக்கத்துக்கு ஐ.டி. வேலையை வெளி ஆளிடம் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு. வீட்டுக்கு வரும் வழியில் வெகு நாளைக்குப் பிறகு மூச்சு ஒழுங்காக வந்தது.

நவம்பர் 6, வியாழன்

வசந்தாமணி அக்கா என் அறைக்கு வந்தார். வைண்டிங் செக்ஷனில் முப்பத்தொரு பெண்கள் கையால் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறார்கள். அவர்களில் மூத்தவர். ஐம்பத்திரண்டு வயது. என் அறைக் குளிரில் நிற்கப் பிடிக்காமல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவார்.

"ஏனுங் அம்மிணி, போர்டுல ஒரு லிஸ்டு ஒட்டியிருக்காங்களே, பாத்தீங்களா? புனேகாரங்க எடுத்துக்கற காண்ட்ராக்ட் ஆளுகன்னு. கேட்டுல நிக்கற வாட்ச்மேன் பேரு இருக்குது. புல்லு வெட்டறவரு பேரு இருக்குது. மோட்டாரச் சுத்தற எங்க முப்பத்தியொரு பேத்துல ஒருத்தி பேருகூட இல்லீங்."

"விட்டுப்போயிருக்கும் அக்கா."

"முப்பத்தியொரு பேருமா ஒட்டுக்கா விட்டுப்போவோம்?"

ஹெச்.ஆருக்குப் போன் செய்தேன். அவர்கள் சொன்னது இது. நிரந்தர ஊழியர்களுக்குச் சம்பளப் பதிவேடு இருக்கிறது. காண்ட்ராக்ட் ஆட்கள் ஒப்பந்தக்காரர் பெயரில் இருப்பதால், அவர்கள் மோட்டார் பிரிவில்தான் வேலை பார்த்தார்கள் என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு அடையாளம்தான் ஏற்றிருக்கிறார்கள். பேரேட்டில் தனிப் பெயர். அது இருந்தால் அதே கூலியில், அதே சலுகையில் புதுக் கம்பெனிக்குப் போகலாம். இல்லாதவர்களுக்கு நவம்பர் 30-உடன் வேலை முடிந்தது.

போனை வைத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்குக் கம்ப்யூட்டர்ல பேரு இருக்குதல்ல?"

"உங்க எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணுதானே அக்கா. வைண்டிங்1."

"அதான் நான் அப்பவே கேட்டேன், ஆளுக்கொண்ணு குடுங்கன்னு. கையில வார்னிசோட எதுக்குக்கா முப்பது பாஸ்வேர்டு, ஒண்ணு போதும்னீங்க."

"அப்படியா? எனக்கு ஞாபகமில்லக்கா."

ஒரு பெயரைச் சேர்க்க 2009-இல் நான்கு நிமிடம் ஆகும். முப்பத்தொரு பெயருக்கு இரண்டு மணி நேரம். சனிக்கிழமை அது. ஆதவனை விட்டிருந்த காப்பகம் மூன்று மணிக்கு மூடிவிடும். அன்று அக்கா அரக்கு நிறச் சேலை கட்டியிருந்தார், முழங்கை வரை கம்பிக்குப் பூசும் வார்னிஷ்.

நவம்பர் 7, வெள்ளி

சரிபார்த்தேன். வைண்டிங்1 மூன்றாம் பட்டியலில் போயிருக்கிறது. வகைப்படுத்தும்போது எங்கோ தவறு நேர்ந்திருக்கிறது.

மழை. துணி காயவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

பிரணவிடம் சொன்னேன். வைண்டிங்1 எப்படியோ இயந்திரங்களோடு சேர்ந்துவிட்டது, அது முப்பத்தொரு பெண்கள் என்றேன்.

"எப்படியோன்னா?"

"பழைய வகைப்பாடு."

மடிக்கணினியிலிருந்து அவர் நிமிரவில்லை. "சரி, அதை மூணாவதுல இருந்து ரெண்டாவதுக்கே மாத்தினாலும், ஒரு லாகின்னா ஒரு ஆள் மேடம். ஒப்பந்தம் அப்படித்தான் எண்ணும். ஒரே ஒருத்தரைச் சேர்க்கச் சொல்லி நான் எழுதிக் கேட்டுப் பாக்கலாம். யார்னு சொல்லுங்க."

"முப்பத்தொரு பேர்ல ஒருத்தரா?"

"முடிஞ்சதைச் சொல்றேன்."

"புதுசா முப்பத்தொரு பேர் சேர்த்தா?"

"பூட்டு இருக்கே மேடம். நீங்க இன்னிக்குச் சேர்த்தீங்கன்னா நாளைக்குக் காலைல ரிப்போர்ட்ல வரும். நான் எடுத்துருவேன். எடுக்கறதுதான் என் வேலை."

கெட்டவர் இல்லை. மதியம் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

நவம்பர் 12, புதன்

"அவன்தான் உனக்கு வேலை குடுக்கறான்ல, கம்முனு இரு" என்றார் வீட்டுக்காரர், சாப்பிட்டுக்கொண்டே. மோர் ஊற்றினேன்.

நவம்பர் 13, வியாழன்

லெட்டர் வந்துவிட்டது. டிசம்பர் 1 முதல். என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்கள்.

நவம்பர் 18, செவ்வாய்

நான்கு நாளாக ஒன்றும் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் முப்பத்தொன்றில் ஒன்று என்ற கணக்குதான் வருகிறது. கணவன் இல்லாதவர்கள் ஆறு பேர். அதில் வாடகை வீடு நான்கு. இப்படியே சலித்துக்கொண்டு போனால் கடைசியில் ஒருத்தி நிற்பாள். நிற்பவளிடம் போய் நான் என்ன சொல்வது?

புனேக்காரர்கள் வைண்டிங்குக்கு வேறொரு ஏஜென்சியிடம் ஆள் கேட்டிருக்கிறார்களாம். அதாவது வேலை இருக்கிறது. இவர்கள்தான் இல்லை.

இன்று சோதனை மேசையின் பழைய பதிவுகளைத் தோண்டினேன். சுற்றி முடித்த மோட்டாரை மேசையில் மாட்டி, வைண்டிங்1 என்று நுழைந்து, மின்தடை எவ்வளவு என்று பதிவார்கள். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் 'குறிப்பு' என்று ஒரு காலிக் கட்டம் இருக்கும். அதை நான் யாருக்காகவும் வைக்கவில்லை, மென்பொருளோடு வந்தது. அது காலியாக இருக்கும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

காலியாக இல்லை. எல்லா வரியிலும் ஏதோ இருக்கிறது. 888. எம்எம். 5050. கேகேகே. எக்ஸ்7. இப்போது இப்படி முப்பத்தொரு விதம். ஆரம்பம் 2010 ஜனவரி. நடுவில் சிலது நின்றுபோய்ப் புதிது தொடங்கியிருக்கிறது, வேலையை விட்டவர்களும் வந்தவர்களுமாக.

செக்ஷனுக்குப் போய்க் கேட்டேன். அக்கா கம்பியை விடாமல் பதில் சொன்னார்.

"பின்ன என்னங் பண்றது? ஒரு மோட்டாரு கருகித் திரும்பி வந்தா ஆரு சுத்துனதுன்னு தெரியாம முப்பது பேத்தையும் நிக்க வெச்சுத் திட்டுவாரு சூப்பர்வைசர். அதான் நாங்களே ஆளுக்கொரு அடையாளம் வெச்சுக்கிட்டோம். நான் எட்டு. மூணு எட்டு."

"ஏன் எட்டு?"

"பாத்தா சுத்துன கம்பியாட்டவே இருக்குதல்லங். கண்டுபிடிச்சு அடிக்கச் சுளுவு."

பக்கத்து பெஞ்சிலிருந்து மரகதம் என்ற பெண் சொன்னாள், "அக்கா வெச்சது எட்டு, அவங்க வேலையில ரிஜக்ட் வந்ததே எட்டுத்தான்."

"உன்றது எத்தனைன்னு அம்மிணிகிட்டச் சொல்லு, கேக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அறைக்கு வந்து எண்ணினேன். 888 மட்டும் அறுபத்தோராயிரத்துச் சொச்சம் மோட்டார்கள். நான் கொடுக்காத பெயர்களை அவர்களே வைத்துக்கொண்டு, பதினாறு வருடம் ஒருநாள் தவறாமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். நான் ஒருமுறைகூட அந்தப் பக்கத்தைத் திறந்ததில்லை. எல்லாவற்றையும் அச்சடித்தேன்.

நவம்பர் 20, வியாழன்

அச்சடித்த கட்டைத் தங்கவேலு சாரிடம் வைத்தேன். புரட்டினார். நிஜமாகவே புரட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு.

"நம்ம கம்பெனிய விக்கறதுக்கு முன்னாடி காட்டியிருந்தீங்கன்னா ஒரு வார்த்த பேசியிருக்கலாம். இப்ப அந்தப் பக்கம் என் பேச்சு எடுபடாது."

"பம்ப் பக்கத்துல எங்காவது வெச்சுக்க முடியாதுங்களா சார்?"

"பம்புக்கு மோட்டாரே இனி அவங்ககிட்டதான் வாங்கப்போறோம். இங்க என்னத்தச் சுத்தறது?" கட்டைத் திருப்பித் தந்தார். "உங்க லெட்டரு வந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன். சந்தோசம்."

நவம்பர் 21, வெள்ளி

அக்கா கேட்டார். நேராக, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு.

"எங்கள மிஷினுன்னு எழுதி வெச்சது ஆருங் அம்மிணி?"

"பெங்களூர்ல" என்றேன்.

"கண்ணால பாக்காதவன் எழுதுனா அப்பிடித்தான் எழுதுவான்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

நவம்பர் 23, ஞாயிறு

சமைக்கவில்லை. பரோட்டா வாங்கி வந்தார்.

ஒப்பந்தத்தின் இணைப்பை ஹெச்.ஆரில் கேட்டு வாங்கி வந்திருந்தேன். பதினொரு பக்கம். மூன்று முறை படித்தேன். பூட்டைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. பூட்டு என்பது பிரணவும் நானும் வேலை வசதிக்காக ஏற்றுக்கொண்ட விதி. ஒப்பந்தம் சொல்வது இவ்வளவுதான்: நவம்பர் 28 மாலை ஆறு மணிக்குப் பேரேட்டில் தனிப் பெயரில் இருந்து, அதற்குள் ஒருமுறையேனும் உள்நுழைந்திருக்கிற ஒவ்வொரு நபரும் புதுக் கம்பெனியின் ஆள்.

அறிக்கை காலை எட்டு மணிக்குப் போகிறது. 28-ஆம் தேதி எட்டு மணிக்குப் பிறகு சேர்த்தால், அது 29 காலையில்தான் அவருக்குத் தெரியும். அதற்குள் பிரதி எடுத்து முடித்திருப்பார்கள்.

பத்து மணி நேரம். பேரேட்டில் சேர்க்கும் அதிகாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

லெட்டரை எடுத்துப் பார்த்தேன். மறுபடி அலமாரியில் வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

நவம்பர் 26, புதன்

இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. பிரஷர் என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். பிரஷர் இல்லையாம்.

நவம்பர் 29, சனி

நேற்று நடந்தது.

எட்டு மணி அறிக்கை போனதும் முப்பத்தொரு பெயரையும் சேர்த்தேன். ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருந்தேன். நாற்பது நொடியில் முடிந்தது. 2009-இல் இரண்டு மணி நேரம் என்று நினைத்தது, நாற்பது நொடி.

ஆனால் உள்நுழைய வேண்டியது அவரவர்தான். நான் தந்த தற்காலிகச் சொல்லை ஒருமுறை அடித்து, பிறகு தனக்கென்று ஒரு கடவுச்சொல் வைத்தால்தான் கணக்கில் வரும். சோதனை மேசையில் இருப்பது ஒரு கணினி. வேலை நடந்துகொண்டிருக்கிறது, சூப்பர்வைசர் குறுக்கும் நெடுக்கும் போகிறார். அக்காவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் யாரிடமும் எதையும் விளக்கவில்லை. "மோட்டாரு டெஸ்ட் பண்ணப் போறப்ப அம்மிணி சொல்றத அடிச்சுட்டு வாங்கடி" என்றார். அவ்வளவுதான்.

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சுற்றிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவதும், அதை மாட்டிவிட்டுத் தன் பெயரை அடிப்பதும். சிலர் தங்கள் பெயரை ஆங்கில எழுத்தில் முதல்முறையாகப் பார்த்தார்கள். ஒருத்தி 'இதுல எங்கப்பன் பேரு எங்க' என்று கேட்டாள். மரகதத்துக்குக் கடவுச்சொல் தோன்றவில்லை.

"எம் புருசன் பேரு வெக்கலாமுங்களா?"

"எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் வேண்டாம்."

"அப்ப அவரு வெச்சிருக்கறவ பேரு வெக்கறேன். அது எனக்கு மட்டுந்தான் தெரியும்."

பின்னால் நின்றவள் சிரிப்பை அடக்க மாட்டாமல் மோட்டாரைத் தரையில் வைத்துவிட்டாள். மரகதம் சிரிக்கவில்லை, அந்தப் பெயரைத்தான் வைத்தாள்.

மூன்று பேர் லீவு. போன் செய்ததும் ஒருத்தி நனைந்த தலையோடு பஸ் பிடித்து வந்தாள். மற்ற இருவரை அவள் தம்பி பைக்கில் கொண்டுவந்து இறக்கினான். மூன்று மணிக்குப் பதினெட்டு. நான்கரைக்கு இருபத்தாறு. ஐந்து இருபதுக்கு முப்பது.

அக்கா மட்டும் வரவில்லை. பெஞ்சு காலியாகத் தெரிந்தால் சூப்பர்வைசர் கேட்பார் என்று ஒவ்வொருத்தி எழுந்து வரும்போதும் அவள் வேலையையும் சேர்த்து இவர் சுற்றிக்கொண்டிருந்தார். "நான் கடசியா வர்றேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஐந்து இருபத்தைந்துக்கு பிரணவ் போன். ஒரே கணினியில் இத்தனை புதுப் பெயர் நுழைந்தால் அறிக்கைக்குக் காத்திராமல் எச்சரிக்கை மணி அடிக்கும்படி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

"மேடம், என்ன பண்றீங்க?"

"சேர்த்திருக்கேன்."

"யார் சொல்லி?"

"யாரும் சொல்லல."

"உங்க அதிகாரத்தை எடுக்கறேன் மேடம். எடுத்தாகணும். இவங்களையும் நான் நீக்கியாகணும்."

"பூட்டுங்கறது நீக்கறதுக்கும் சேர்த்துத்தான் பிரணவ். சேர்த்தது நான் பண்ணின தப்பு. நீக்கினா அது நீங்க பண்ற தப்பாயிரும்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "உங்களதை எடுத்தாச்சு. அவங்களை நான் தொடல. அதுக்கு மேல என்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று வைத்துவிட்டார்.

அப்போது அக்கா வந்தார். மோட்டார் இல்லாமல், வெறுங்கையோடு. ஐந்து முப்பத்திரண்டு.

ஒற்றை விரலால் அடித்தார். நீளமான பெயர். நடுவில் ஓர் எழுத்து விட்டுப்போனது, சரிசெய்தோம். தற்காலிகச் சொல்லில் ஒரு பூஜ்யத்துக்குப் பதில் எழுத்தை அடித்துவிட்டார். தவறு என்றது திரை. மறுபடி அடித்தார், வார்னிஷ் விரல் பக்கத்து விசையையும் சேர்த்து அழுத்தியது. தவறு. "தள்ளுங்கக்கா" என்று விசைப்பலகையை இழுத்து நானே அடித்தேன். பெரிய எழுத்துக்கான விளக்கு எரிந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

மூன்று முறை தவறினால் பெயர் பூட்டிக்கொள்ளும். முப்பது நிமிடம் கழித்துத் தானாகத் திறக்கும். அந்த விதியை வைத்தது நான். அதிகாரம் இருப்பவர் அதை ஒரு நொடியில் திறக்கலாம். என் அதிகாரம் போய் ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

பூட்டிய நேரம் 5:34. திறக்கும் நேரம் 6:04.

பிரணவை அழைத்தேன். எடுக்கவில்லை. நான்கு முறை அழைத்தேன். தங்கவேலு சார் ஊரில் இல்லை. கம்பெனியில் வேறு யாரிடமும் அந்த அதிகாரம் இல்லை. பதினாறு வருடமாக இங்கே யாரிடமும் கொடுக்காமல் நானே வைத்திருந்தேன், பெருமையாக.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"மத்த முப்பது பேரும் ஆயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுக்கா."

"மரகதமும்?"

"மரகதமும்."

"அப்ப செரி." சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்தார். வார்னிஷ் அப்படியெல்லாம் போகாது. "அழுவாதீங்க அம்மிணி, சூப்பர்வைசர் பாக்கறாரு."

ஆறு மணிக்குத் திரையில் ஒன்றும் நடக்கவில்லை. பிரதி எடுப்பது எங்கோ நடக்கிற காரியம், இங்கே ஒரு விளக்குகூட மினுங்காது. ஷிப்ட் மணி அடித்தது. பெண்கள் கையைக் கழுவப் போனார்கள். ஆறு நான்குக்கு அக்கா எழுந்து, "இப்ப அடிக்கட்டுங்களா?" என்றார்.

"இனிப் பிரயோசனம் இல்லக்கா."

"அடிச்சுப் பாக்கறேன்."

நிதானமாக அடித்தார். ஒரு பிழையும் இல்லை. திறந்தது. மேல் ஓரத்தில் அவர் பெயர் வந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படி மூடுவது என்று கேட்டார். சொன்னேன். மூடிவிட்டுப் போனார்.

டிசம்பர் 1, திங்கள்

புதுக் கம்பெனியின் போர்டில் முப்பது பெயர்கள். மரகதம் போட்டோ அனுப்பினாள்.

எனக்கு வந்த லெட்டர் செல்லாது என்று இன்னொரு லெட்டர். பம்ப் பக்கம், விசாரணை முடியும்வரை வீட்டிலிருக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் அதை வாங்கிப் படித்தார். மதியம் வாஷிங் மெஷினைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

டிசம்பர் 4, வியாழன்

அக்கா போன் செய்தார். தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறாராம், செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். "அந்த எட்டு போட்ட காகிதக் கட்ட எடுத்துக்கிட்டு நீங்களும் வருவீங்களா அம்மிணி?"

வருகிறேன் என்றேன். வைத்த பிறகு அச்சடித்த கட்டை எடுத்துப் பையில் வைத்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

காந்திபுரத்தில் பஸ் மாறிப் போனோம். அக்கா ஜன்னலோரம். எனக்கும் அவரே டிக்கெட் எடுத்தார்.

அதிகாரி பொறுமையானவர். கட்டை முதலிலிருந்து பார்த்தார். கம்பெனி அனுப்பிய பதிலும் அவர் மேசையில் இருந்தது.

"அம்மா, இது எண். இந்த எண் இவங்கதான்னு எப்படிச் சொல்றது?"

"கூட வேலை செஞ்ச முப்பது பேரும் சொல்லுவாங்க சார்" என்றேன்.

"சொல்லட்டும். ஆனா கம்பெனி பதில்ல பாருங்க. ஆறு மணிக்கு எடுத்த பிரதியில இவங்க உள்நுழைஞ்சதா இல்ல. அக்டோபர் மாசப் பட்டியல்லயும் இவங்க இல்ல. அந்தப் பட்டியல் ஒவ்வொரு வரியா சரிபார்த்துத் தயாரிச்சதுன்னு எழுதியிருக்காங்க. சரிபார்த்தும் இல்லன்னா, இவங்க அங்க வேலை பார்க்கலன்னுதானே அர்த்தம் ஆகுது?" கண்ணாடிக்கு மேல் என்னைப் பார்த்தார். "நீங்க அங்க என்னவா இருந்தீங்க?"

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கட்டிலிருந்து நழுவிய தாள்களை ஓரம் பிடித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பட்டியல் பெங்களூர்ல போட்டதுன்னு இவங்ககிட்டச் சொல்லியிருந்தேன் சார்" என்றேன். என் குரல் எனக்கே பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. "அது நான் போட்டது. ஒவ்வொரு வரியா பாக்கல. மதியத்துக்கு மேல பொறுமை இல்ல, எண்ணுல முடியற பேரெல்லாம் இயந்திரம்னு தள்ளிட்டேன். இவங்க முப்பத்தொரு பேரையும் மனுசங்க இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான்."

அதிகாரி பேனாவை எடுக்கவில்லை. மின்விசிறியில் மேசைத் தாள்கள் படபடத்தன. அக்காவின் கை தாள்களின் மேல் அப்படியே நின்றிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. கையை மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து அது நகர்ந்தது. தாள்களைச் சமமாகத் தட்டி, மேசையில் அதிகாரியின் பக்கமாகத் தள்ளியது.

"எழுதிக்குங் சார்" என்றார். "அவங்க சொல்றப்பவே எழுதிக்குங்."